வாடகை வீட்டின் இரண்டு ஆங்கிலங்கள்

ஆங்கிலம் ஒரே மொழி என்றொரு மயக்கம் மொழிபெயர்ப்பு நாவல்களை வாசிக்கும் நம்மிடமும், அவற்றைத் தமிழுக்குக் கொண்டுவருவோரிடமும் இருக்கிறது. வாடகை வீட்டைக் குறிக்கும் சொற்களை மட்டும் எடுத்துப் பார்த்தாலே இம்மயக்கம் தெளிந்துவிடும். லண்டன்வாசிக்கு 'ஃப்ளாட்', நியூயார்க்வாசிக்கு 'அபார்ட்மென்ட்'. முன்னவரின் ஊரில் 'டு லெட்' என்று பலகை தொங்கும். பின்னவரின் ஊரில் 'ஃபார் ரென்ட்' என்று தொங்கும். இவ்வளவுதான் வேறுபாடு என்றால் அகராதியே போதும். ஆனால் சில சொற்களுக்குள் வர்க்கமும் வரலாறும் குடியிருக்கின்றன.

'டெனமென்ட்' என்ற சொல்லைப் பார்ப்போம். கிளாஸ்கோவிலும் எடின்பரோவிலும் அது, பல குடும்பங்கள் ஒரே படிக்கட்டைப் பகிர்ந்துகொள்ளும் கல் கட்டடம். நெரிசலில் தவித்த தொழிலாளர் வீடுகளுக்கும் வசதியான நடுத்தர வர்க்க வீடுகளுக்கும் அங்கே அதே பெயர்தான். நியூயார்க்கிலோ அது காற்றும் வெளிச்சமும் புகாத அறைகளில் ஏழைக் குடியேறிகள் அடைந்து கிடந்த கட்டடம். ஜேக்கப் ரீஸ் 1890இல் தம் நூலின் வழியே அவ்வாழ்வை ஊரறியச் செய்தார். 1901இல் கட்டட விதிகளைக் கடுமையாக்கிச் சட்டம் வந்தது. நியூயார்க்கை மனத்தில் வைத்துக்கொண்டு ஸ்காட்லாந்து நாவலின் டெனமென்டைச் 'சேரிக் குடியிருப்பு' என்று பெயர்த்தால், அந்த நாவலின் பள்ளி ஆசிரியர் ஒரே வரியில் பரம ஏழையாகிவிடுவார்.

அரசு கட்டிய வீடுகளின் கதை இன்னும் சிக்கலானது. பிரிட்டனில் 1919ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு உள்ளாட்சிகள் பெருமளவில் 'கவுன்சில் வீடு'களைக் கட்டின. பல தொழிலாளர் குடும்பங்களுக்கு முதல் குளியலறை வாய்த்தது அவற்றில்தான். தாட்சர் அரசின் 1980ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வீடுகளைக் குடியிருப்போரே தள்ளுபடி விலையில் வாங்க வழிசெய்தது. அதன்பின் அந்தப் பெயரின் மதிப்பு மெல்லச் சரிந்தது.

அமெரிக்காவில் 1937இல் வேரூன்றிய பொதுக் குடியிருப்புகளை மக்கள் 'ப்ராஜெக்ட்ஸ்' என்கிறார்கள். அச்சொல்லில் நிறப் பிரிவினையின் நிழல் உண்டு. செயின்ட் லூயிஸ் நகரில் பதினொரு மாடிகள் கொண்ட 33 கட்டடங்களாக எழுந்த ப்ரூட்-ஐகோ, குடியேற்றம் தொடங்கி இருபது ஆண்டுகள் நிறைவதற்குள், 1972இல், இடிபடத் தொடங்கியது. இவ்விரு வரலாறுகளையும் 'அரசுக் குடியிருப்பு' என்ற ஒரே சொல்லில் அடைப்பது எளிது, நியாயமில்லை.

'எஸ்டேட்' என்பதோ இன்னொரு வேடிக்கை. பிரிட்டிஷ் நாவலில் பெரும்பாலும் அது கவுன்சில் வீடுகளின் தொகுதி. அமெரிக்கருக்குச் செல்வந்தரின் மாளிகையும் நிலமும். தமிழ் வாசகருக்குத் தேயிலைத் தோட்டம்!

அடிக்குறிப்புகளைக் குவிக்கும்படி நாம் கேட்கவில்லை. அந்த வீட்டில் யார் குடியிருக்கிறார், யார் கட்டினார், அண்டை அயலார் அதை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு மொழிபெயர்ப்பாளர் சொல்லைத் தேர்ந்தால் போதும். பொருத்தமான தமிழ்ச்சொல் கிட்டாவிட்டால் மூலச்சொல்லையே வைத்து, பக்கத்து வாக்கியத்தில் விளங்க வைக்கலாம்.

நமக்கும் இந்த நுட்பம் புதிதல்லவே. ஒண்டுக்குடித்தனத்தை ஒருவர் 'அபார்ட்மென்ட்' என்று பெயர்த்தாலோ, திருவல்லிக்கேணி மேன்ஷனை மாளிகை என்று நினைத்துக்கொண்டாலோ நாம் சிரிப்போம். பிறர் வீடுகளுக்கும் அதே கவனத்தைக் கொடுப்பதுதான் முறை.