ஒரு மணி நேரம் மூடி வையுங்கள், ஐயா!

அரசாங்க இணையதளம் ஒரு நிமிஷம்கூட நிற்கக் கூடாது என்பது இன்றைய பெரிய அதிகாரிகளின் மந்திரமாகி விட்டது. நாமும் சளைத்தவர்கள் அல்ல. "சர்வர் டவுன்" என்று கவுண்டரில் சொன்னால் முகம் சுளிக்கிறோம். காரணமில்லாமல் நின்றால் சுளிக்கத்தான் வேண்டும். ஆனால் ஓட்டையை அடைப்பதற்காக நிறுத்துவதையும் சேர்த்தே திட்டுகிறோமே, அது தவறு. பூட்டு உடைந்த கடையைத் திறந்து போட்டு வியாபாரம் செய்வதை யாரும் சேவை என்று சொல்ல மாட்டார்கள்.

மதியம் ஒரு மணிக்குக் கடையைச் சாத்தி நாலு மணிக்குத் திறக்கிற ஊர் நம் புதுச்சேரி. அதனால் எந்தக் கடையும் கெட்டுப் போகவில்லை. எப்போது திறக்கும் என்று தெரிந்தால் ஜனங்கள் பொறுத்துக் கொள்வார்கள்.

அமெரிக்காவில் ஈக்விஃபாக்ஸ் என்றொரு கம்பெனி. நம் ஊர் சிபில் போல, யார் எவ்வளவு கடன் வாங்கினார், ஒழுங்காகக் கட்டினாரா என்று கணக்கு வைத்திருப்பது அதன் தொழில். 2017 மார்ச் 7 அன்று, அவர்களும் பயன்படுத்திய அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற சாஃப்ட்வேரில் பெரிய ஓட்டை இருப்பது வெளியாகிறது. அதை அடைக்கும் திருத்தமும் அன்றே இலவசமாகக் கிடைக்கிறது. மார்ச் 9 அன்று, "48 மணி நேரத்துக்குள் சரி செய்யுங்கள்" என்று கம்பெனிக்குள் ஓர் உத்தரவு போகிறது. உத்தரவு போனது, வேலை நடக்கவில்லை. ஜனங்கள் புகார் கொடுக்கும் ஒரு பழைய தளத்தில் அந்த ஓட்டை அப்படியே இருந்தது. மே 13 முதல் ஜூலை 30 வரை திருடர்கள் உள்ளே உட்கார்ந்து அள்ளினார்கள். போவது வருவதைச் சோதிக்கும் கருவி இருந்தது. அதன் சான்றிதழ் காலாவதியாகி 19 மாதம் ஆனதை ஒருவரும் கவனிக்காததால் அதுவும் குருடாகக் கிடந்தது. கிட்டத்தட்ட 14.7 கோடிப் பேரின் விவரம் போயிற்று. அவர்களில் பெரும்பாலோர் அந்தக் கம்பெனியின் வாசலைக்கூட மிதித்ததில்லை.

கடைசியில் என்ன செய்தார்கள்? அந்தத் தளத்தை மூடினார்கள். மார்ச்சில் சில மணி நேரம் மூடியிருந்தால் போதும். பிறகு நாடாளுமன்றக் குழுவின் முன் நின்ற முன்னாள் தலைவர், ஓர் ஊழியர் தகவலைச் சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்க்கவில்லை என்றார். கோடிக்கணக்கான பேரின் விவரத்துக்கு ஒற்றை ஊழியர்தான் காவலா? ஆயுசு முழுக்க குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இந்தப் பல்லவி புதிதல்ல. மேலே போட்ட உத்தரவு கீழே நடந்ததா என்று பார்ப்பது மேலே இருப்பவர் வேலை.

இப்போது கனடாவைப் பாருங்கள். 2014 ஏப்ரல் 7 அன்று ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளியானது. அங்கே அது வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் காலம். வருஷத்திலேயே மும்முரமான மாதம். இருந்தும் வரித்துறை மறுநாளே இணைய சேவையை மூடியது. சரி செய்து, சோதித்து, 13ஆம் தேதி திறந்தது. ஏப்ரல் 30 என்றிருந்த கெடுவை மே 5 வரை நீட்டியது. மூடுவதற்கு முன் கிடைத்த ஆறு மணி நேர இடைவெளியிலேயே சுமார் 900 பேரின் எண்கள் திருடு போயின. நாள் கணக்கில் திறந்து வைத்திருந்தால் எத்தனை போயிருக்கும்! அந்த 900 பேருக்கும் பதிவுத் தபாலில்தான் தகவல் சொன்னார்கள். போனோ மின்னஞ்சலோ என்றால் மோசடிக்காரன் அதையே சாக்காக வைத்து நுழைவானே!

பிரெஞ்சு படித்த புண்ணியத்தில் கியூபெக் மாகாணச் செய்திகளையும் படிப்பேன். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற சாஃப்ட்வேரில் ஓட்டை வெளியானது. ஆபத்துக்கு பத்துக்குப் பத்து மதிப்பெண். கியூபெக் அரசு 3,992 தளங்களை மூடி, ஒவ்வொன்றாகச் சோதித்துத் திறந்தது. துணிச்சலான முடிவு. ஆனால் எந்தத் தளத்தில் அந்த சாஃப்ட்வேர் இருக்கிறது என்ற பட்டியல் கையில் இல்லாததால்தான் எல்லாவற்றையும் மூட வேண்டி வந்தது. ஒழுங்கான ரிஜிஸ்தர் இருந்தால் வேண்டியதை மட்டும் மூடியிருக்கலாம்.

"மூடினால் ஏழை ஜனங்கள் அலைவார்களே" என்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு வழியும் உண்டு. இரண்டு சர்வர் வைத்தால், ஒரு கவுண்டரை மூடி மற்றதில் வரிசையை விடுவது போல, ஒன்றைச் சரி செய்து விட்டு மற்றதைச் சரி செய்யலாம். வெளியிலிருக்கிறவருக்குத் தெரியவே தெரியாது. ஆனால் திருத்தாத கவுண்டர் அதுவரை திறந்த வீடுதான். அந்த நேரத்துக்கு வாசல் காவலான ஃபயர்வாலில் அந்தத் தாக்குதலை மறிக்கும் விதி போட வேண்டும். அது தற்காலிகக் கட்டு, மருந்தல்ல. அதுவும் முடியாதென்றால் மூடத்தான் வேண்டும். 99.9 சதவீதம் ஓட வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டாலும், வருஷத்துக்கு எட்டே முக்கால் மணி நேரம் நிற்க இடமிருக்கிறது. அதை இதற்குச் செலவழியுங்களேன்!

நம் வயதுக்காரர்களுக்கு இது வேடிக்கை பார்க்கும் விஷயமல்ல. ஆதார், பான், பென்ஷன் கணக்கு எல்லாமே ஏதோ ஒரு சர்வரில்தான் இருக்கின்றன. தளம் மூடினால் எனக்கு ஒரு நாள் நஷ்டம். விவரம் களவு போனால் ஆயுசுக்கும் நஷ்டம். பாஸ்வேர்டை மாற்றலாம், பிறந்த தேதியை மாற்ற முடியுமா?

ஆகவே அரசாங்கத்திடம் நாம் கேட்க வேண்டியது நாலே நாலு. எந்த சர்வரில் எந்த சாஃப்ட்வேர் என்ற ரிஜிஸ்தர் இருக்கட்டும். மேலிடத்துக்கு ஃபைல் அனுப்பிக் காத்திராமல், ராத்திரி டியூட்டியில் இருப்பவரே தளத்தை மூடும் அதிகாரம் எழுத்தில் இருக்கட்டும். மூடினால் காரணத்தையும் திறக்கும் நேரத்தையும் பலகையில் போடட்டும். மூடிய நாட்களுக்குக் கெடு தானாக நீளட்டும்.

இந்த நாலும் இருந்தால், ஒரு மணி நேரம் என்ன, ஒரு நாள் முழுக்க மூடுங்கள். முணுமுணுக்காமல் காத்திருக்கிறோம்.