கல்வியும் கூலியும்

செங்கல்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகத்தை அடுத்து அமைந்த சிற்றூர் வேடந்தாங்கல். வேடர் தங்கிய இடம் என்னும் பொருள்படும் பெயரைத் தாங்கிய அவ்வூர், இன்று பறவைகளின் புகலிடமாக விளங்குகின்றது. மழைக்காலம் தொடங்கியதும் நத்தைகுத்தி நாரைகளும், கூழைக்கடாக்களும், நீர்க்காகங்களும், கரண்டிவாயன்களும் அங்குள்ள ஏரியை நாடி வருகின்றன. நீரில் நிற்கும் மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. வெயில் முதிரும் முன் திரும்பிச் செல்கின்றன.

இப்பறவைகளை அவ்வூர் உழவர் வழிவழியாகக் காத்து வருகின்றனர். அவர்களுடைய அன்பில் அறமும் உண்டு, அறிவும் உண்டு. பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் பயிருக்கு நல்ல உரமாகும் என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலப் படைவீரர் சிலர் அங்கே பறவைகளைச் சுட்டனர் என்றும், ஊர் மக்கள் திரண்டு சென்று ஆட்சியரிடம் முறையிட்டனர் என்றும் கூறுவர். 1798-ஆம் ஆண்டையொட்டி, செங்கல்பட்டின் ஆட்சியராக இருந்த லயனல் பிளேசிடமிருந்து, பறவைகளுக்குத் தீங்கு செய்யலாகாது என்னும் உறுதிச் சீட்டை அவர்கள் பெற்றனர். அக்காலத்தில் அத்தகைய சீட்டைக் ‘கவுல்’ என வழங்கினர்.

அவ்வுழவர் செய்த செயலின் நுட்பம் எண்ணிப் பார்க்கத்தக்கது. அவர்கள் ஆட்சியரின் வாய்ச்சொல்லோடு மனநிறைவு கொள்ளவில்லை. அதனை எழுத்தில் கேட்டனர். ஆட்சியர் மாறுவர், ஆட்சியும் மாறும், எழுத்து நிற்கும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். 1858-இல் அவ்வுறுதியைப் புதுப்பித்தும் பெற்றனர். 1936-இல் அவ்விடம் பறவைகள் காப்பிடமாக ஏற்கப்பட்டது. பின்னர் ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வரையுள்ள நிலம் காப்பிடத்தின் எல்லையாக அறிவிக்கப்பட்டது. 2020-இல் அவ்வெல்லையை மூன்று கிலோமீட்டராகக் குறைக்கும் கருத்து எழுந்தபோது, மக்கள் அதனை எதிர்த்தனர், அக்கருத்து கைவிடப்பட்டது. எல்லை இன்னது என்று முன்னரே எழுதி வைத்திருந்தமையால்தான், அது குறைக்கப்படுகின்றது என்று சுட்டிக் காட்ட இயன்றது. எழுதப்படாத எல்லை சுருங்குவதைக் கண்டு கொள்பவர் யார்?

பறவைக்கு மட்டுமன்றி, பள்ளி மாணவனின் பொழுதுக்கும் ஓர் எல்லை வேண்டும். படித்துக்கொண்டே பகுதிநேர வேலை பார்க்கும் இளைஞருக்கு இவ்வுண்மை மிகவும் பயன்படும்.

மேல்நிலை வகுப்பில் பயிலும் மாணவன் ஒருவனை எண்ணிப் பார்க்கலாம். தந்தையின் வருவாய் போதவில்லை. தங்கைக்கும் படிப்புச் செலவு உண்டு. அவன் மாலையில் இரண்டு மணி நேரம் ஒரு கடையில் பணி செய்ய உடன்படுகின்றான். கடைக்காரர் நல்லவர், “பள்ளி முடிந்து வந்தால் போதும், தம்பி” என்கின்றார். சில திங்கள் இவ்வாறே செல்கின்றன. பறவைக்காலம் வருகின்றது. பார்க்க வருவோரின் கூட்டம் பெருகுகின்றது. “சனிக்கிழமை காலையிலேயே வந்துவிடு” என்று கடைக்காரர் சொல்கின்றார். அதன் பின், “கூட்டம் குறையும் வரையில் இரவு ஒன்பது மணி வரை இரு” என்கின்றார். இறுதியில், “வெள்ளிக்கிழமை பிற்பகல் பள்ளிக்கு விடுப்புச் சொல்ல முடியாதா?” என்று கேட்கின்றார். கூலியைப் பற்றிய பேச்சு மட்டும் எழவே இல்லை.

இங்கே நிகழ்ந்தது என்ன? உடன்பாடு ஒரே நாளில் முறிக்கப்படவில்லை; சிறிது சிறிதாகக் கரைக்கப்பட்டது. ஏரிக்கரை ஒருநாளில் உடைவதில்லை. நண்டு துளைத்த சிறு வளையே நாளடைவில் உடைப்பாகின்றது. ஒவ்வொரு முறையும் கேட்கப்பட்டது சிறியது. ஆதலால் மறுக்க நாணம் தடுத்தது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கும்போதுதான் இழந்தது பெரிது என்பது விளங்குகின்றது. மேலும், பறவைக்காலம் வேறு, படிப்புக்காலம் வேறு என்று இயற்கை பிரித்து வைக்கவில்லை. கூட்டம் மிகும் மார்கழியும் தையுமே அரையாண்டுத் தேர்வும் திருப்புதல் தேர்வும் நிகழும் காலம். கடைக்குக் கை தேவைப்படும் நாளும், மாணவனுக்குக் கண் விழித்துப் படிக்க வேண்டிய நாளும் ஒன்றாகவே அமைகின்றன.

உழைப்பையும் கல்வியையும் ஒரே நாளில் பங்கிடும் முயற்சி புதியதன்று. இங்கிலாந்தில் 1844-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின்படி, சிறுவர் நாளில் ஒரு பாதியை ஆலையிலும் மறுபாதியில் ஒரு பகுதியைப் பள்ளியிலும் கழித்தனர். அவர்களை ‘அரைநேரத்தார்’ என்று அழைத்தனர். ஆலையில் களைத்த சிறுவன் பள்ளியில் உறங்கினான். பங்கீடு தாளில் சரிபாதியாக இருந்தது; உடலில் அவ்வாறு இருக்கவில்லை. 1918-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அம்முறைக்கு முடிவு கட்டியது. இந்தியாவிலும் 1881-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வயதுச் சிறுவனை ஒன்பது மணி நேரம் ஆலையில் வைத்திருக்க இடமளித்தது. 1891-இல் வயது ஒன்பதாகவும் நேரம் ஏழாகவும், 1922-இல் வயது பன்னிரண்டாகவும் நேரம் ஆறாகவும் மாறின. 1948-இல் பதினான்கு வயது நிரம்பாதவருக்கு ஆலையின் கதவே அடைக்கப்பட்டது. சிறுவனின் பொழுதை முதலாளியின் தேவையிலிருந்து மீட்க அறுபத்தேழு ஆண்டுகள் தேவைப்பட்டன.

சென்னை மாநிலத்திலும் 1953-இல் தொடக்கப் பள்ளியின் நேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்னும் திட்டம் கொண்டுவரப்பட்டது. பிறந்த குலத்தின் தொழிலோடு பிள்ளையைப் பிணைத்துவிடும் என்று அதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. 1954-இல் அது கைவிடப்பட்டது. அதன்பின் காமராசர் ஆட்சியில் விரிந்த பகல் உணவுத் திட்டம் வேறொரு வழியைக் காட்டிற்று. பசிக்காகப் பள்ளியை விடும் பிள்ளைக்குப் பள்ளியிலேயே உணவு கிடைத்தது. வறுமைக்கு மருந்து தேடுவோர் பள்ளி நேரத்தில் கை வைக்காமலும் தேடலாம் என்பதற்கு அது சான்று.

இன்றைய சட்டம் தெளிவானது. 2016-இல் திருத்தப்பெற்ற சட்டத்தின்படி, பதினான்கு வயது நிரம்பாத பிள்ளையை வேலைக்கு அமர்த்தலாகாது. பள்ளி நேரம் போகக் குடும்பத்திற்குத் துணை புரிவது போன்ற சிலவற்றிற்கே விலக்கு உண்டு. பதினான்கு முதல் பதினெட்டு வரையுள்ளோரைச் சுரங்கம், வெடிமருந்து போன்ற இடர் மிக்க தொழில்களில் சேர்க்கலாகாது. தமிழ்நாட்டின் 1947-ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டம், பதினேழு வயது நிரம்பாத இளைஞரை மாலை ஏழு மணிக்குப் பின் வேலை வாங்குவதைத் தடுக்கின்றது. நாளுக்கு ஏழு மணி நேரத்திற்கு மேல் வாங்குவதையும் தடுக்கின்றது. எனினும் ஏழு மணி நேரம் என்பது படிக்காத இளைஞனுக்கும் வகுத்த பேரெல்லை. பள்ளிக்குச் சென்று வந்தவனுக்கு அதுவே அளவு என்று கொள்வது, பாரம் ஏற்றிய வண்டியின்மேல் மீண்டும் முழுப் பாரம் ஏற்றுவதாகும்.

மற்றொன்றும் அறியத்தக்கது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின்படி, பதினெட்டு வயது நிரம்பாதவர் செய்த ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது. “ஒப்புக்கொண்டாய், ஆகவே வந்தே தீர வேண்டும்” என்று இளைஞனை எவரும் நெருக்க இயலாது. ஆனால் சட்டம் விடுவித்தாலும், சொன்ன சொல்லைக் காப்பது பண்பு. அப்பண்பு இருபுறமும் இருத்தல் வேண்டும் என்பதே நேர்மை.

இதற்கு மறுப்புக் கூறுவோரும் உளர். “வறியவனுக்கு எல்லை பேசும் உரிமை ஏது? மறுத்தால் வேலை போகும், வேலை போனால் அடுப்பு அணையும்” என்பர். இக்கூற்றைப் புறந்தள்ளலாகாது. வறுமையின் கொடுமையை அறியாதவரே இதனை எளிதாகப் பேசுவர். ஆயினும் கணக்கை முழுமையாகப் பார்த்தல் வேண்டும். இன்று கூடுதலாகக் கிடைக்கும் சிறு கூலிக்காகத் தேர்வில் தவறியவன், வாழ்நாள் முழுவதும் சிறு கூலிக்கே உழைக்க நேரலாம். விதை நெல்லைக் குத்தி உண்ட வீட்டில் அன்றைய பசி தீரும். அடுத்த போகம் இல்லை. கல்வி வறியவனின் விதை நெல். அதனைக் காக்க வேண்டிய தேவை செல்வனைவிட வறியவனுக்கே மிகுதி.

“உதவிய முதலாளிக்கு நெருக்கடியில் கைகொடுப்பது நன்றியன்றோ?” என்று வினவுவாரும் உண்டு. நன்றி சிறந்த பண்பே. பறவைக்காலத்தில் ஈட்டுவதை வைத்து ஆண்டு முழுவதையும் ஓட்டும் சிறு வணிகரின் இடர்ப்பாடும் உண்மையே. ஒரு நாள், இரு நாள் உடன் நிற்பது மனிதத் தன்மை. ஆனால் ஒருநாள் உதவி ஒவ்வொரு நாள் கடமையாக மாறும்போது, அது நன்றியின் பெயரால் வாங்கும் கூலியில்லா வேலையாகின்றது. உழைப்பைக் கொடுத்துக் கூலி பெற்ற இடத்தில் இருவரும் சமமாகவே பயன் பெற்றனர்; ஒருவர் மட்டும் கடன்பட்டவர் அல்லர்.

ஆகவே, வேலைக்குச் சேரும் மாணவன் முதல் நாளிலேயே சிலவற்றைத் தெளிவு செய்துகொள்ளுதல் நன்று. எந்த நாட்கள், எத்தனை மணி, என்ன கூலி, எப்போது கொடுக்கப்படும், தேர்வுக் காலத்தில் விடுப்பு உண்டா என்னும் ஐந்தையும் பெற்றோர் முன்னிலையில் பேசி, ஒரு தாளில் எழுதி வைத்தல் வேண்டும். தேர்வு அட்டவணை கையில் கிடைத்ததும் அதன் படியைக் கடையில் கொடுத்துவிடலாம். வேலை செய்த நாட்களையும் மணிகளையும் ஒரு சிறு குறிப்பேட்டில் நாள்தோறும் குறித்து வரலாம். நிபந்தனை மாறும்போது, முதல் மாற்றத்திலேயே, சினமின்றிப் பணிவோடு பேசுதல் வேண்டும். மூன்றாம் மாற்றம் வரையில் பொறுத்து, பின்னர் சொல்லாமல் நின்றுவிடுதல் முறையன்று. அது தன் பக்கத்து நியாயத்தையும் இழக்கச் செய்யும். பேச்சு பயன் தரவில்லையாயின் ஆசிரியரிடம் கூறலாம். பெரியவர் ஒருவர் சொல்லும் சொல்லுக்குக் கடைத்தெருவில் மதிப்பு உண்டு. அதுவும் பயன்படாதெனின், சில நாள் முன்னறிவிப்புக் கொடுத்து, செய்த வேலைக்குரிய கூலியைக் கேட்டுப் பெற்று விலகுவதே தகும். வள்ளுவர் காலமறிதலுக்கு ஒரு தனி அதிகாரம் வகுத்தார். ஏற்கும் காலத்தை அறிவது போலவே விடும் காலத்தை அறிவதும் அறிவுடைமை.

கடமை மாணவனுக்கு மட்டும் உரியதன்று. வளர்ந்த தொழிலாளரின் பணி நிலைமைகளை மாற்ற விரும்பும் தொழில் முதல்வர் இருபத்தொரு நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்று 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம் விதித்தது. அதற்கு மாற்றாக வந்த 2020-ஆம் ஆண்டுத் தொகுப்பும் அவ்விதியைப் பேணுகின்றது. சங்கம் வைத்துப் பேச வல்ல பெரியவருக்கே இத்தகைய காப்புத் தேவையெனின், தனித்து நிற்கும் சிறுவனிடம் பேசும் முதலாளி எத்துணைக் கருத்தோடு நடக்க வேண்டும்! அவன் வாய் திறந்து மறுக்க மாட்டான் என்பதே, அவனிடம் மிகுதியாகக் கேட்கலாகாது என்பதற்குப் போதிய காரணமாகும்.

உழைத்துப் படிக்கும் இளைஞர் நாட்டின் பெருமை. அவர் கையில் ஏறும் காசு குடும்பத்தைத் தாங்குகின்றது. உழைப்பின் அருமையை அவருக்கு உணர்த்துகின்றது. ஆயினும் வேலை கல்விக்குத் துணையாக இருக்கும் வரையில்தான் அது வரவு. கல்வியைத் தின்னத் தொடங்கிய வேலை, எவ்வளவு கூலி தந்தாலும் இழப்பே. எல்லையை முன்னரே பேசுக, பேசியதை எழுதுக, எழுதியதை இருபுறமும் காக்க. பறவைக்காகப் பெரும் ஆட்சியிடம் சீட்டுக் கேட்ட உழவரின் துணிவு, தன் படிப்பைக் காக்கப் பேசும் பிள்ளைக்கும் இருத்தல் வேண்டும்.