சக்கரம் வைத்த வீடு

(இறுதியாண்டு இயந்திரவியல் மாணவன்)

"கேரவன்" என்று சொன்னால் நமக்கு உடனே ஞாபகம் வருவது சினிமா ஷூட்டிங்தான். ஹீரோ ஏறுவார், கதவு சாத்தப்படும், உள்ளே ஏ.சி. ஓடும். நாம் வெளியே வெயிலில் நின்று வேடிக்கை பார்ப்போம்! ஆனால் அமெரிக்காவில் அதே மாதிரி வண்டிகளில் ரிட்டையரான வாத்தியார்களும் நர்சுகளும் வெல்டர்களும் வருஷம் முழுக்கக் குடியிருக்கிறார்கள். இருந்த வீட்டை விற்றுவிட்டோ, வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டோ கிளம்பியவர்கள். 365 நாளும் வண்டிதான் வீடு. அந்த வண்டிக்கு அங்கே பெயர் ஆர்.வி. இன்ஜினோடு சேர்ந்து இருந்தால் மோட்டார் ஹோம். பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போனால் டிரெய்லர்.

நண்பர்களே! இந்தக் கட்டுரைக்குக் காரணம் ஹாஸ்டல் மொட்டை மாடியில் நடந்த ஒரு வாக்குவாதம். 2021இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய 'நோமேட்லேண்ட்' படத்தை ஒருவன் போனில் எல்லாரும் பார்த்தோம். படம் முடிந்ததும் ரூம்மேட் ஆரம்பித்தான்.

"வாழ்ந்தா இப்படி வாழணும்டா! வாடகை இல்ல, ஹவுஸ் ஓனர் இல்ல, புடிச்ச ஊர்ல நிப்பாட்டலாம்."

"அப்புறம் ஏன்டா நிறைய பேர் கொஞ்ச வருஷத்துலயே வண்டிய வித்துட்டு வீட்டுக்குத் திரும்பிடறாங்க?"

"அவங்களுக்குத் தில் இல்லடா. தில் இருக்கறவன் ஓட்டிக்கிட்டே இருப்பான்."

அன்றைக்கு நான் பேசாமல் இருந்துவிட்டேன். பிறகு தேடிப் படித்துப் பார்த்ததில், அந்தக் கடைசி வார்த்தைதான் தப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. விட்டவர்கள் எல்லாரும் கோழையும் இல்லை, தொடர்பவர்கள் எல்லாரும் வீரனும் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

வீடா? வண்டியா?

முதலில் நம்ம பாஷையில், அதாவது டெக்னிக்கலாகப் பார்ப்போம். வீடு என்பது அசையாமல் நிற்கக் கட்டுவது. வண்டி என்பது அசைவதற்காகக் கட்டுவது. இரண்டையும் ஒரே பொருளில் கேட்டால் என்ன ஆகும்?

அகலம் எட்டரை அடிக்கு மேல் போகக்கூடாது. அது நெடுஞ்சாலைச் சட்டம். எடை குறைய வேண்டும். ஆகவே சுவர் மெல்லிய பிளைவுட், கூரைக்குப் பெரும்பாலும் ரப்பர் ஷீட், மூட்டுகளில் சீலன்ட். சாலையில் ஒவ்வொரு மைலும் அந்த வீட்டுக்கு ஒரு சின்ன நிலநடுக்கம் மாதிரி! மூட்டு விட்டுப்போகும், சீலன்ட் வெடிக்கும், மழைத் தண்ணீர் இறங்கும். தண்ணீர் ஒருமுறை சுவருக்குள் புகுந்தால் வெளியே தெரிவதற்குள் உள்ளே மரம் உளுத்திருக்கும். ஆர்.வி. வாழ்க்கையில் பெரிய எதிரி திருடன் இல்லை, ஒழுகல்தான்.

கரண்டுக்கு வாருங்கள். 12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் பேட்டரி ஒன்று இருக்கிறது. 1200 வாட்-அவர். ஆயுள் குறையக் கூடாதென்றால் பாதியைத்தான் எடுக்கலாம், 600. ஏ.சி. 1500 வாட் இழுத்தால்? கணக்குப் போட்டுப் பாருங்கள், 24 நிமிஷம்! அதற்குப் பிறகு சோலார், லித்தியம் பேட்டரி, ஜெனரேட்டர் என்று செலவு, இல்லையென்றால் காசு கட்டிக் கரண்டு கொடுக்கும் முகாமில் நிறுத்த வேண்டும். தண்ணீர்? 150 லிட்டர் நிரப்பினால் 150 கிலோ எடை ஏறும். குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு ஒரு டேங்க், கக்கூஸ் கழிவுக்கு ஒரு டேங்க். அதைச் சில நாளுக்கு ஒருமுறை வீட்டுக்காரரே குழாய் மாட்டிக் காலி செய்ய வேண்டும். கேஸில் ஓடும் பழைய பாணி ஃபிரிட்ஜ் (நாம் படித்த அப்சார்ப்ஷன் வகைதான்) வண்டி சாய்ந்து நின்றால் சரியாக வேலை செய்யாது. அதனால் புது இடத்தில் நிறுத்தியதும் முதல் வேலை ரசமட்டம் வைத்துப் பார்ப்பது!

இதில் வேடிக்கை என்னவென்றால், 2018இல் அமெரிக்க வீட்டுவசதித் துறை போட்ட விதியே, ஆர்.வி. என்பது பொழுதுபோக்குக்காக வடிவமைத்தது, நிரந்தரக் குடியிருப்புக்கு அல்ல என்றுதான் விளக்குகிறது. பல ஊர்களில் சொந்த மனையில்கூட அதை நிறுத்திக் குடியிருக்க முடியாது. ஆக, லீவு நாளுக்காகச் செய்த பொருளில் லைஃபையே ஓட்டுகிறார்கள். பழுது வராமல் இருந்தால்தான் அதிசயம்.

விட்டவர்கள்

வண்டி ரிப்பேருக்குப் போனால் என்ன? நமக்கு பைக் போனால் பஸ்ஸில் வருவோம். அவர்களுக்கு வண்டி ஷெட்டுக்குப் போனால் வீடே ஷெட்டுக்குப் போய்விட்டது என்று அர்த்தம்! உதிரி பாகம் வரும்வரை லாட்ஜ் வாடகை தனி. பலர் விடுவதற்கு இதுவே காரணம்.

அடுத்தது உடம்பு. அங்கே 65 வயதுக்கு மேல்தான் அரசாங்க மருத்துவக் காப்பீடு எல்லாருக்கும் பொதுவாகக் கிடைக்கும். அதற்குக் கீழே உள்ளவர்கள் வாங்கும் காப்பீடு பெரும்பாலும் மாநில எல்லையோடு நின்றுவிடும். ஊர் ஊராகப் போகிறவருக்குக் குடும்ப டாக்டர் என்று ஒருவர் அமைவது கஷ்டம். கண் மங்கினால், முட்டி வலித்தால், முப்பது அடி வண்டியை ரிவர்ஸ் எடுப்பது எப்படி? கணவர் மட்டுமே ஓட்டத் தெரிந்தவர் என்றால், அவர் படுத்துவிட்ட நாளில் மனைவியின் வீடும் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

மூன்றாவது, மனசு. பேரன் பேத்தி ஒரு மூலையில், இவர்கள் ஒரு மூலையில். இருநூறு, முந்நூறு சதுர அடிக்குள் இரண்டு பேர். கோபம் வந்தால் போய் உட்கார அடுத்த அறை இல்லை.

இன்னும் ஒன்று. கொரோனாக் காலத்தில் கிளம்பிய கூட்டம். 2021இல் மட்டும் சுமார் 6 லட்சம் ஆர்.வி.க்கள் தொழிற்சாலைகளிலிருந்து வெளியே போயின, அது சாதனை. 2023இல் அது சுமார் 3 லட்சத்து 13 ஆயிரமாக இறங்கிவிட்டது. உச்சத்தில் கடன் வாங்கி வண்டி எடுத்தவர்கள் விற்கப் போனபோது, வண்டியின் விலை கடனைவிடக் கீழே இருந்தது. வீட்டுக்கு விலை ஏறும், வண்டிக்கு இறங்கும். இந்தச் சின்ன உண்மையை மறந்ததற்குக் கொடுத்த அபராதம் பெரிது.

தொடர்பவர்கள்

சரி, இத்தனைக்கும் பிறகு ஏன் தொடர்கிறார்கள்? இங்கேதான் நான் ரூம்மேட்டிடம் சண்டை போடுகிறேன். தொடர்பவர்கள் ஒரே ஜாதி இல்லை, இரண்டு வகை.

ஒரு வகை, திரும்பிப் போக வழி இருந்தும் போகாதவர்கள். வேலையே ஊர் ஊராக இருப்பவர்கள் இதில் நிறைய. பைப்லைன் வெல்டர், லைன்மேன், ஒப்பந்த நர்ஸ். ஜோ பீட்டர்சன் ஒரு எலக்ட்ரீஷியன், அவர் மனைவி கே ஒரு நர்ஸ். வேலை இருக்கும் ஊருக்கு வீட்டையும் இழுத்துக்கொண்டு போனார்கள். நம்ம ஆளுங்கதான்! ரிப்பேர் இவர்களுக்குத் தலைவிதி இல்லை, தினசரி வேலை. ஸ்பேனர் எடுக்கத் தெரிந்தவனுக்கு அந்த வாழ்க்கையில் பாதிப் பயம் போய்விடும்.

இன்னொரு வகை, திரும்பிப் போக இடமே இல்லாதவர்கள். பாப் வெல்ஸ் என்பவர் 1995இல் அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில், விவாகரத்துக்குப் பிறகு வாடகை கட்டுப்படியாகாமல் ஒரு பழைய பெட்டி வண்டியில் குடியேறினார். ஆசைப்பட்டுப் போகவில்லை, கையில் காசில்லாமல் போனார். பிறகு அந்த வாழ்க்கை பிடித்துப்போய், மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அவருக்குப் பிடித்துப்போனது, எல்லாருக்கும் அப்படி அமைவதில்லை. 2008 பொருளாதாரச் சரிவில் வேலையும் வீடும் போன எத்தனையோ வயசானவர்கள் வண்டிக்கு வந்தார்கள். ஜெசிகா புரூடர் 2017இல் எழுதிய புத்தகம் அவர்களைப் பற்றியதுதான். படம் அதிலிருந்து எடுத்தது. அக்டோபரில் வட மாநிலங்களில் சர்க்கரைக் கிழங்கு அறுவடைக்குப் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், கோடையில் முகாம்களில் கக்கூஸ் கழுவும் வேலை, குளிர்காலத்தில் அரிசோனா பாலைவனத்தில் குவார்ட்சைட் ஊருக்கு வெளியே அரசு நிலத்தில் நிறுத்தம். இவர்களிடம் போய் "ஏன் தொடர்கிறீர்கள்?" என்று கேட்டால், "நிறுத்தினா எங்கே போறது?" என்றுதானே பதில் வரும்?

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு வகையும் ஒன்றுதான். அதே வண்டி, அதே பாலைவனம், அதே சூரிய அஸ்தமனம். ஒருவருக்கு அது சுதந்திரம், இன்னொருவருக்குக் கதி. வித்தியாசம் வண்டியில் இல்லை, வண்டிக்கு வெளியே இருக்கிறது.

நிற்பதற்கு ஓர் இடம்

மறுபடி பீட்டர்சன் தம்பதியிடம் வருகிறேன். 1978இல் இவர்கள் ஆர்.வி. வாசிகளுக்காக எஸ்கேப்பீஸ் என்று ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். டெக்சாஸில் லிவிங்ஸ்டன் என்ற ஊரில் தலைமையிடம். ஊர்சுற்றிகளுக்குச் சங்கம் எதற்கு? முதலில், முகவரி! வீடு இல்லாதவனுக்கு லைசென்ஸ், ஓட்டு, வங்கிக் கணக்கு எல்லாம் எந்த முகவரியில்? ஆயிரக்கணக்கானவர்கள் லிவிங்ஸ்டனையே தங்கள் ஊராக எழுதிக்கொண்டார்கள். கடிதம் அங்கே வரும், அவர்கள் இருக்கும் இடத்துக்கு அனுப்பி வைப்பார்கள்.

இரண்டாவதுதான் என் மனசைத் தொட்டது. வயதாகி, நோயில் விழுந்து, இனி ஓட்ட முடியாது என்றானவர்களுக்காக அங்கேயே ஒரு பராமரிப்பு மையம் கட்டினார்கள். அவரவர் வண்டியிலேயே குடியிருக்கலாம். சாப்பாடு கிடைக்கும், டாக்டரிடம் கூட்டிப்போக ஆள் உண்டு. சக்கரம் நின்றுவிட்டது, ஆனால் வீடு போகவில்லை!

கவனியுங்கள் நண்பர்களே. ஓடுவதையே வாழ்க்கையாக எடுத்துக்கொண்டவர்கள், நிற்பதற்கு ஓர் இடம் கட்டினார்கள். அவர்களுக்குத் தில் குறைந்துவிட்டதா? இல்லை. ஒருநாள் எல்லா வண்டியும் நிற்கும் என்பதை அறிந்தவர்கள், அவ்வளவுதான். பிரேக் இல்லாத வண்டியை நாம் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வெளியே விடுவோமா? வேகத்துக்குத் தைரியம் கொடுப்பதே பிரேக்தானே!

ஆகவே என் கருத்து இதுதான். வண்டி வாழ்க்கையை விட்டவரைத் தோற்றவர் என்று சொல்லாதீர்கள். அவருக்குத் திரும்ப ஓர் இடம் இருந்தது, அது பாக்கியம். தொடர்பவரை வீரர் என்று உடனே கைதட்டவும் வேண்டாம். அவருக்கு வேறு வழி இருந்ததா என்று முதலில் கேளுங்கள். வீட்டு வாடகை சம்பளத்தை விழுங்கும் நாட்டில் வயசானவர் வண்டியில் தூங்குவதை "சாகசம்" என்று போஸ்டர் போடுவது, பசித்தவனை விரதம் இருக்கிறான் என்று புகழ்வது மாதிரி.

டிப்ளமோ முடித்ததும் நம்மிலும் பலர் சைட் சைட்டாக, ஊர் ஊராக ஒரு பெட்டியோடு அலையப் போகிறோம். அலைவதில் தப்பில்லை. ரூம்மேட்டுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான்: "போடா, தாராளமாப் போ. ஆனா போறதுக்கு முன்னாடி, திரும்பி வந்தா கதவைத் திறக்க ஒரு இடம் இருக்கான்னு பாத்துக்க. இல்லாதவன் ஒருத்தனைப் பார்த்தா, அவனுக்குத் தில் இருக்குன்னு சொல்லிட்டுப் போயிடாத."