ஜூனோவுக்கு எண் 3 வந்த கதை

சிறுகோள் என்ற சொல்லைச் செய்தியில் பார்த்ததும் ‘மோதுமா?’ என்ற கேள்விதான் முதலில் எழுகிறது. ஜூனோ மோதாது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள சிறுகோள் பட்டையில் சுற்றும் அது, மிக நெருங்கும்போதும் நம்மிடமிருந்து ஏறக்குறைய 15 கோடி கிலோமீட்டர் தள்ளியே போகிறது. வியாழனை ஆராயப் போன நாசாவின் ஜூனோ விண்கலத்துக்கும் இதற்கும் பெயர் ஒன்று, அவ்வளவுதான்.

தெளிவுபடுத்த வேண்டியது வேறு. இந்தச் சிறுகோளுக்கு வானியலார் தந்த எண் 3. அதனால் பட்டையில் மூன்றாவது பெரியது இதுதான் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் அது கண்டுபிடிக்கப்பட்ட வரிசை. 1801இல் சீரிஸ், 1802இல் பல்லாஸ். 1804 செப்டம்பர் 1 அன்று ஜெர்மனியின் லிலியென்டாலில் கார்ல் ஹார்டிங் கண்டது ஜூனோ. அதன் குறுக்களவு சுமார் 250 கிலோமீட்டர். 430 கிலோமீட்டர் கொண்ட ஹைஜியாவோ 1849 வரை யார் கண்ணிலும் படவில்லை.

சிறியது முந்தியது எப்படி? ஹைஜியாவின் மேற்பரப்பு கரி போன்றது. விழும் ஒளியில் நூற்றுக்கு ஏழு பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது. ஜூனோ கல்லால் ஆனது. கிட்டத்தட்ட கால் பங்கைத் திருப்புகிறது. போதாததற்கு அதன் பாதை நன்றாக நீண்ட வட்டம். சில ஆண்டுகளில் நமக்குச் சற்று அருகே வந்து பளிச்சிடும்.

யாரும் போய்த் தொடாத ஒன்றைக் கல் என்று எப்படிச் சொல்கிறோம்? அதன் ஒளியைப் பிரித்துப் பார்த்தால் ஒலிவின், பைராக்சின் என்ற கனிமங்கள் விழுங்கிய நிறங்கள் குறைந்திருக்கும். ஆனால் இதில் ஒரு சிக்கல் நெடுநாள் இருந்தது. பூமியில் மிகுதியாக விழும் சாதாரண விண்கற்களின் நிறமும் இவ்வகைச் சிறுகோள்களின் நிறமும் சரியாகப் பொருந்தவில்லை. சிறுகோள்கள் கூடுதலாகச் சிவந்திருந்தன. சூரியக் காற்றும் நுண்துகள் மோதல்களும் மேற்பரப்பின் நிறத்தை மாற்றுகின்றன என்று சிலர் சொல்லிவந்தார்கள். ஜப்பானின் ஹயபுசா விண்கலம் 2010இல் இதே வகையைச் சேர்ந்த இட்டோகாவாவிலிருந்து துகள்களைக் கொண்டுவந்தபோது, அவர்கள் சொன்னது சரி என்று தெரிந்தது. அரைக் கிலோமீட்டர் பாறையின் தூசு, ஜூனோ போன்ற பெரியவற்றுக்கும் சாட்சி சொன்னது.

சில பத்தாண்டுகள் ஜூனோவையும் கோள் என்றே எண்ணினார்கள். புளூட்டோவுக்காக வருந்துவோர் இதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்!

ஜூனோ சுமார் 15, 16 மாதங்களுக்கு ஒருமுறை வானில் சூரியனுக்கு எதிர்ப்புறம் வரும். சிறிய தொலைநோக்கியும் விண்மீன் வரைபடமும் இருந்தால், இரண்டு மூன்று இரவு இடைவெளி விட்டு அதே இடத்தைப் பாருங்கள். விண்மீன்களுக்கு நடுவே நகர்ந்திருக்கும் புள்ளிதான் அது. ஹார்டிங்கும் அப்படித்தான் கண்டுகொண்டார்.