கப்பல் வழக்குகளில் செயற்கை நுண்ணறிவு: வேகம் கருவிக்கு, பொறுப்பு யாருக்கு?

மும்பை: சரக்கை இறக்கி முடித்த வெளிநாட்டுக் கப்பல் துறைமுகத்தில் நீண்ட நேரம் காத்திருப்பதில்லை. இந்தியக் கடல் எல்லையை அது கடந்துவிட்டால், மாலுமியின் சம்பளப் பாக்கியும் எரிபொருள் வழங்கியவரின் கட்டணமும் சேதமடைந்த சரக்குக்கான இழப்பீடும் பெரும்பாலும் கைக்கு எட்டாமல் போய்விடும். எனவே கப்பலைச் சிறைபிடிக்கக் கோரும் மனு, பல நேரங்களில் சில மணி நேரத்திற்குள் தயாராகி பம்பாய் உயர் நீதிமன்றத்தை அடைய வேண்டியுள்ளது. செயற்கை நுண்ணறிவு உதவிக் கருவிகள் கடல்சார் வழக்கறிஞர்களை ஈர்ப்பதற்கு இந்த அவசரமே முதன்மைக் காரணம்.

கருவிகளின் பயனை மறுப்பதற்கில்லை. கப்பல் வாடகை ஒப்பந்தம், பில் ஆஃப் லேடிங் ஆவணங்கள், கப்பலின் நாட்குறிப்புப் பதிவேடு, நூற்றுக்கணக்கான மின்னஞ்சல்கள் ஆகியவற்றைத் தேதிவாரியாக அடுக்கவும், சுருக்கவும், முரண்பாடுகளைச் சுட்டிக்காட்டவும் அவற்றால் இயலும். இளம் வழக்கறிஞர் ஓர் இரவு முழுவதும் செய்யும் பணி அது. ஆனால் ஆவணங்களை அடுக்குவது வேறு, சட்டத்தைச் சொல்வது வேறு. சிக்கல் தொடங்குவது இரண்டாவதில்தான்.

இத்துறையில் போலி மேற்கோளைக் கண்டறிவது கூடுதல் கடினம். கப்பல் மீதே வழக்குத் தொடரப்படுவதால், பல தீர்ப்புகள் கப்பலின் பெயராலேயே அறியப்படுகின்றன. உயர் நீதிமன்றங்களின் கடல்சார் அதிகாரத்தை விரிவாக விளக்கி 1992-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் வழங்கிய 'எம்.வி. எலிசபெத்' தீர்ப்பு அதற்குச் சான்று. சொற்களின் தொடர்ச்சியைக் கணித்து எழுதும் கருவி, 'எம்.வி.' என்ற முன்னொட்டுடன் இல்லாத கப்பலின் பெயரில் இல்லாத தீர்ப்பொன்றைப் படைத்துவிட்டால், அனுபவம் வாய்ந்தவரும் முதல் பார்வையில் ஏமாறக்கூடும். கப்பல்களின் பெயர்களும் கொடிகளும் மாறிக்கொண்டே இருப்பவை. கப்பலின் ஆயுள் முழுவதும் மாறாத ஏழு இலக்க ஐஎம்ஓ எண்ணைக் கொண்டுதான் அதை உறுதியாக அடையாளம் காண முடியும்.

இந்த அச்சம் கற்பனையானதல்ல. 2023-ஆம் ஆண்டு நியூயார்க்கில் விமான நிறுவனம் ஒன்றுக்கு எதிரான வழக்கில், சாட்ஜிபிடி உருவாக்கித் தந்த இல்லாத தீர்ப்புகளைத் தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அங்கு எழுந்த கேள்வியும் சர்வதேசப் போக்குவரத்து உடன்படிக்கையின் காலவரம்பு பற்றியதே. இந்தியாவில், வருமான வரி மதிப்பீட்டு ஆணை ஒன்று இல்லாத தீர்ப்புகளைச் சுட்டியிருந்ததால் 2025 அக்டோபரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. கருவி தரும் முடிவுகளைக் கண்மூடி ஏற்காமல் சரிபார்க்க வேண்டும் என்றும் அது அறிவுறுத்தியது. அவ்வழக்கில் தவறியது அரசுத் துறை என்பது கவனிக்கத்தக்கது.

சட்டம் அண்மையில் மாறியிருப்பது மற்றொரு இடர். 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள 2017-ஆம் ஆண்டின் கடல்சார் உரிமைக்கோரிக்கைச் சட்டம், 1840 முதல் 1891 வரையிலான ஆங்கிலேயர் காலச் சட்டங்களை நீக்கியது. 2025-இல் நாடாளுமன்றம் 1856-ஆம் ஆண்டின் பில் ஆஃப் லேடிங் சட்டம், 1925-ஆம் ஆண்டின் கடல்வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 1958-ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டம் ஆகியவற்றுக்கு மாற்றாகப் புதிய சட்டங்களை நிறைவேற்றியது. கருவிகள் பயின்ற நூல்களிலும் தீர்ப்புகளிலும் மிகப் பெரும்பகுதி பழைய சட்டங்களைப் பற்றியவை. ஆங்கிலத் தீர்ப்புகளின் எண்ணிக்கையோ இந்தியத் தீர்ப்புகளைவிடப் பன்மடங்கு. லண்டனில் சரியான விடை மும்பையில் பிழையாகலாம்.

பிழையின் விலை சிறிதல்ல. சிறைபிடிப்பு முறையற்றது எனத் தெரியவந்தால் ஏற்படும் இழப்பை ஈடுசெய்வதாக மனுதாரரிடம் நீதிமன்றம் உறுதிமொழி பெற 2017-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்கிறது. கொச்சி அருகே 2025 மே 25 அன்று எம்எஸ்சி எல்சா 3 கப்பல் மூழ்கியதை அடுத்து, கேரள அரசு 9,531 கோடி ரூபாய் கோரி வழக்குத் தொடர்ந்தது. அதில் சிறைபிடிக்க உத்தரவிடப்பட்டது, மூழ்கிய கப்பலை அல்ல, எம்எஸ்சி அகிடெட்டா 2 என்ற மற்றொரு கப்பலை. இத்தகைய வழக்குகளில் உரிமையாளர் யார் என்பதைக் கருவியின் ஊகத்திற்கு விட்டுவிட முடியாது.

பெருநிறுவனங்களுக்குக் காப்பீடும் மூத்த வழக்கறிஞர்களும் உண்டு. மாலுமிக்கு அவை இல்லை. சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பின் கணக்குப்படி, 2024-ஆம் ஆண்டில் 312 கப்பல்களில் 3,133 மாலுமிகள் கைவிடப்பட்டனர். அவர்களில் 899 பேர் இந்தியர்கள். தாராவியிலோ செம்பூரிலோ மாட்டுங்காவிலோ வசிக்கும் தமிழ் மாலுமியின் குடும்பம், சம்பளம் நின்றதும் முதலில் நாடுவது கைப்பேசியில் உள்ள சாட்பாட்டாக இருக்கலாம். ஆங்கில ஒப்பந்தத்தை எளிய தமிழில் விளக்கிக்கொள்ள அது உதவும் என்பது உண்மையே. ஆயினும் சம்பளப் பாக்கிக்கான கடல்சார் பற்றுரிமை, அத்தொகை செலுத்தப்பட வேண்டிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளில் காலாவதியாகிவிடும். பிற பற்றுரிமைகளுக்கு ஓராண்டே. பற்றுரிமைகளின் வரிசையில் சம்பளம் முதலிடத்திலும், வங்கி அடமானம் பற்றுரிமைகளுக்கு அடுத்தும் வருகிறது. வேறொரு நாட்டின் காலவரம்பைக் கருவி கூற, குடும்பம் அதை நம்பிக் காத்திருந்தால், அந்த முன்னுரிமை பறிபோகும்.

ரகசியம் காப்பதும் கவலைக்குரியதே. நடுவர் மன்ற ஆவணங்களையும் கட்சிக்காரரின் கடிதங்களையும் பொதுப் பயன்பாட்டுக் கருவியில் பதிவேற்றும் வழக்கறிஞர், அவை எங்கு சேமிக்கப்படுகின்றன என்பதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் வெளியிட்ட கொள்கை, தீர்ப்பு முடிவுகளுக்குச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தத் தடை விதிக்கிறது. ஆனால் அது மாவட்ட நீதித்துறைக்கானது. கடல்சார் வழக்குகளோ உயர் நீதிமன்றங்களில்தான் விசாரிக்கப்படுகின்றன. இந்நிலையில், சம்பளம் நிலுவையில் உள்ள மாலுமிகள் பணி ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, கப்பலின் ஐஎம்ஓ எண் ஆகியவற்றுடன் மும்பையில் உள்ள கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தையோ கடல்சார் வழக்கறிஞரையோ இரண்டு ஆண்டுக் கெடுவுக்கு முன்னரே அணுகுவது அவசியமாகிறது.