மாத்திரை மட்டும் போதாது!

தாராவியில் நம் சங்கத்து உறுப்பினர் ஒருவருக்கு ரத்தத்தில் பி வகை மஞ்சள் காமாலைக் கிருமி இருப்பது சில ஆண்டுகளுக்கு முன் தெரிய வந்தது. ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசமாகக் கிடைத்தது. ஆனால், "வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்? அவர்களுக்கும் ரத்தம் பார்த்தாயிற்றா?" என்று எவரும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. அவர் மனைவி கருவுற்றபோதுதான் அவருக்கும் அதே கிருமி இருப்பது தெரிந்தது. முதல் நாளே பார்த்து ஊசி போட்டிருந்தால் அந்த அம்மையார் தப்பியிருக்கலாம் அல்லவா?

2018 ஜூலை 28 அன்று மத்திய அரசு தொடங்கிய தேசியத் திட்டத்தில், பி, சி வகைகளுக்குப் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். இதை நாம் வரவேற்கிறோம். ஆனால் மாத்திரை பாதி வேலைதான். மீதிப் பாதி, வருமுன் காப்பது.

பி கிருமி ரத்தத்தாலும் உடலுறவாலும் பரவும். பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கும் வரும். ஒரே தட்டில் சாப்பிடுவதால் வராது. ஒரே சவரக் கத்தியால் வரலாம். ஆகவே ஒருவருக்கு இருந்தால் வீட்டில் எல்லோருக்கும் ரத்தம் பார்க்க வேண்டும். கிருமியும் இல்லை, எதிர்ப்புச் சக்தியும் இல்லை என்றால் மூன்று ஊசி: இன்று ஒன்று, அடுத்த மாதம் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. குழந்தைகளுக்கு இந்த ஊசி 2011 முதல் நாடெங்கும் இலவசம். அதற்கு முன் பிறந்த நம்மில் பலர் போட்டுக்கொள்ளாதவர்களே!

சி வகைக்குத் தடுப்பூசி கிடையாது. ஆனால் பெரும்பாலோருக்குப் பன்னிரண்டு வார மாத்திரையில் குணமாகிவிடும். அந்த மாத்திரை தொடங்குமுன் பி இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். இருந்தால், சி அடங்கும்போது பி தலைதூக்கக்கூடும். ஈரல் சுருங்கியவர்களுக்குக் கெட்ட தண்ணீரால் வரும் ஏ வகைக் காமாலையே உயிருக்கு உலை வைக்கலாம். அதற்கும் தடுப்பூசி உண்டு. குழாய்த் தண்ணீரும் சாக்கடையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் சந்துகளில் வாழும் நமக்கு இதன் அருமை தெரியாதா? ஈரல் சுருங்கியவர்கள், கிருமி ஒழிந்த பிறகும், புற்றுநோய் வருகிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்க வேண்டும்.

அந்த ஸ்கேனுக்கு ஒரு நாள் கூலி போகிறது. வரிசையில் நின்று, "நாளை வா" என்று திருப்பி அனுப்பினால் இரண்டு நாள் கூலி. அதனால்தான் நம்மவர்கள் போவதில்லை. சோம்பல் என்று இதைச் சொல்பவர்கள் தினக்கூலியில் குடும்பம் நடத்திப் பார்க்கட்டும்.

நாம் கேட்பது இவ்வளவுதான்: நோயாளிக்கு மாத்திரை கொடுக்கும் இடத்திலேயே, அன்றே, குடும்பத்தாருக்குப் பரிசோதனையும் ஊசியும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். ஸ்கேன் ஞாயிற்றுக்கிழமையும் நடக்க வேண்டும். இது சலுகையல்ல, உழைப்பவனின் உரிமை.

நம் பக்கத்துத் தவறையும் ஒப்புக்கொள்வோம். வேலை போய்விடும், பெண்ணுக்கு வரன் அமையாது என்று நோயை மறைக்கிறோம். கோவில் கொடைக்கு ஊர் போனால், கீழாநெல்லி போதும் என்று பி மாத்திரையை நிறுத்திவிடுகிறோம். டாக்டர் சொல்லாமல் நிறுத்தினால் நோய் திடீரென்று சீறும். ஊருக்குப் போகும் நாளுக்கும் சேர்த்து மாத்திரையைக் கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களும் இந்த மாதமே ரத்தம் பாருங்கள். தனியே போகத் தயங்குகிறவர்கள் சங்கத்துக்கு வாருங்கள். சேர்ந்தே போவோம், சேர்ந்தே கேட்போம்.