கைபேசி வழியே வீடு புகும் வட்டி



கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வாங்கினாலும், இரண்டு ரூபாய்த் தீப்பெட்டி வாங்கினாலும் இன்று கைபேசியில் ஸ்கேன் செய்தே பணம் செலுத்துகிறோம். 2016இல் அறிமுகமான யுபிஐ, நம் கணக்கிலுள்ள பணத்தைக் கடைக்காரரின் கணக்கில் சேர்க்கிறது. நம் பணத்தை நாம் கொடுக்கிறோம். இதில் மார்க்கத் தடை ஏதுமில்லை.

ஆனால் அதே திரையில் இப்போது கடனும் வந்து அமர்ந்துவிட்டது. 2022இல் ரூபே கடன் அட்டையையும், 2023 செப்டம்பரில் வங்கிகள் முன்கூட்டியே ஒப்புதல் தரும் கடன் வரம்பையும் யுபிஐயில் இணைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது. விரல் சற்று நகர்ந்தால் போதும், செலவு கடனாகிவிடும்.

"கெடுவுக்குள் கட்டிவிட்டால் வட்டியில்லையே!" என்கின்றனர் நம்மவர். இவ்வாதம் இரண்டு வகையில் தவறு.

ஒன்று, தவணை தவறினால் வட்டி தருவேன் என்று ஒப்புக்கொண்ட பின்னரே அந்த அட்டை கைக்கு வருகிறது. கெடு முடிந்ததும் கடனைக் கூட்டுவதுதான் அறியாமைக் காலத்து வட்டி. வட்டி நிபந்தனையுள்ள கடன் அட்டையை, கெடுவுக்குள் கட்டும் எண்ணத்தோடும் பயன்படுத்தக் கூடாதென்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 2000ஆம் ஆண்டு ரியாத் அமர்வில் தீர்மானித்தது.

இரண்டு, இது கரிசல் பூமி. மானாவாரி விவசாயி ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியிருக்கிறார். உளுந்தும் பாசியும் தை பிறந்தே வீடு சேரும். அடைமழை பிடித்தால் தீப்பெட்டித் தொழிலாளியின் கூலி குறையும். செயலியின் தவணைத் தேதியோ மழையையும் பார்க்காது, வெயிலையும் பார்க்காது.

பற்று நோட்டில் எழுதிக்கொண்டு, வெள்ளாமை வரும்வரை பொறுத்திருந்த கடைக்காரர்களை இவ்வூர் அறியும். கடனை எழுதிக்கொள்ளவும், சிரமப்படுபவருக்கு அவகாசம் தரவும் அல்பகரா அத்தியாயம் (2:282, 2:280) கற்பிக்கிறது. அந்தப் பண்பை நாம் கைவிட்ட இடத்தில்தான் செயலி கடை விரித்திருக்கிறது.

ஜமாஅத் பொறுப்பாளர்களிடம் ஒரு கேள்வி. வட்டி ஹராம் என்று ஜும்ஆதோறும் முழங்குகிறோம். மருத்துவச் செலவுக்கு ஐயாயிரம் கேட்டு வருபவருக்கு எதைக் காட்டுகிறோம்? பள்ளிவாசலுக்குப் பளிங்கு பதிக்கச் சேரும் நிதி, கர்ளன் ஹஸனா எனும் அழகிய கடனுக்குச் சேராதா? மாற்றுவழி தராத பயான் பாதிப் பயானே.

ஆகவே, கைபேசியிலுள்ள கடன் வரம்பை இன்றே முடித்துவிடுங்கள். இருப்பதைக் கொண்டு வாங்குங்கள். மஹல்லாதோறும் வட்டியில்லாக் கடன் நிதியைத் தொடங்குங்கள். வல்ல அல்லாஹ் நம் பொருளாதாரத்தில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.